கடைமடை சேரும் நிதி

நுழையும்முன்

அணையில் திறந்துவிடும் நீர், ஆறு, கால்வாய், கிளைவாய்க்கால், மதகு எனப் பல வழிகளைக் கடந்தே கடைமடை வயலை அடைகிறது. அணை நிரம்பியிருப்பதால் மட்டும் கடைமடைப் பயிர் விளைந்துவிடாது. அரசின் நிதியும் அத்தகையதே. நாட்டின் பொருளாதாரம் தளர்ந்து மக்கள் வேலையிழக்கும் காலத்தில் அரசு ஒதுக்கும் நிதி, ஊர்தோறும் இயங்கும் தொழிற்பயிற்சித் திட்டங்களை எவ்வாறு சென்றடைகிறது? எவ்வாறு பங்கிட்டால் அது வேலையிழந்தோர்க்குப் பிழைப்பாக மாறும்? அமெரிக்க நாட்டின் பட்டறிவைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

நல்லரசின் இயல்பைக் கூறும் வள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்த பொருளைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தளித்தல் என நான்கு பணிகளை அரசுக்கு உரியனவாகச் சுட்டுகிறார். அவற்றுள் இறுதியில் நிற்பது பகுத்தளித்தல். முதல் மூன்று பணிகளையும் திறம்படச் செய்த அரசுகள்கூட நான்காவதில் இடறியதுண்டு. யாருக்கு, எவ்வளவு, எப்போது, யார் வழியாக என்னும் நான்கு வினாக்களுக்கும் ஒருசேர விடை காண வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

வீழ்ச்சியும் மீட்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2007ஆம் ஆண்டு டிசம்பரில் பொருளாதாரப் பின்னடைவு தொடங்கியது. திருப்பிச் செலுத்தும் வலிமை இல்லாதோர்க்கும் வீட்டுக்கடன்கள் வாரி வழங்கப்பட்டிருந்தன. அவை வாராக்கடன்களாக மாறியபோது வங்கிகள் தள்ளாடின. 2008 செப்டம்பர் 15ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் என்னும் முதலீட்டு வங்கி திவாலானது. வீடு கட்டும் பணிகள் நின்றன. மோட்டார் வாகனங்களை வாங்குவோர் குறைந்தனர். தொழிற்சாலைகள் ஆட்குறைப்பில் இறங்கின. 2009 அக்டோபரில் வேலையின்மை 10 விழுக்காட்டை எட்டியது. வேலை தேடியும் கிடைக்காதோர் தொகை ஒன்றரைக் கோடியைத் தாண்டியது.

மக்கள் செலவிடத் தயங்கும்போது வணிகம் சுருங்கும். வணிகம் சுருங்கினால் மேலும் பலர் வேலையிழப்பர். அவர்களும் தம் செலவைக் குறைப்பர். இச்சுழலை உடைக்க அரசே முன்வந்து செலவிட வேண்டும் என்பது பொருளியல் அறிஞர் ஜான் மேனார்டு கெயின்ஸ் வலியுறுத்திய கருத்தாகும். அவ்வாறு செலவிடப்படும் தொகை ஊக்க நிதி எனப்படும்.

2009 பிப்ரவரி 17 அன்று குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, டென்வர் நகரில் அமெரிக்க மீட்பு மற்றும் மறுமுதலீட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் மொத்த மதிப்பு அன்றைய கணக்கில் 78,700 கோடி டாலர். வரிக்குறைப்பு, மாநிலங்களுக்கான உதவி, வேலையிழந்தோர்க்கான உதவித்தொகை, சாலைப்பணி, கல்வி எனப் பல துறைகளுக்கு அது பிரித்தளிக்கப்பட்டது. வேலைவாய்ப்புப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது 395 கோடி டாலர். மொத்தத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு எனினும், கிடைத்த தொகை பெரிதே.

பொருளாதாரம் தளர்ந்த வேளையில் பயிற்சிக்கு ஏன் நிதி ஒதுக்க வேண்டும்? மூடப்பட்ட தொழிற்சாலை மீண்டும் திறக்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை; அங்கு இருபதாண்டுகள் உழைத்தவரும் வேறொரு தொழிலைக் கற்றாக வேண்டியுள்ளது. வேலையின்றிக் கழியும் காலத்தைக் கற்கும் காலமாக மாற்றினால், பொருளாதாரம் மீளும்போது திறன் பெற்ற தொழிலாளர் ஆயத்தமாக இருப்பர். இதுவே அச்சட்டத்தை வகுத்தோரின் எதிர்பார்ப்பு.

நிதி செல்லும் வாய்க்கால்கள்

இந்நிதியைக் கொண்டுசெல்லப் புதிய அமைப்பு எதுவும் உருவாக்கப்படவில்லை. 1998ஆம் ஆண்டுப் பணியாளர் முதலீட்டுச் சட்டத்தின்கீழ் ஏற்கெனவே இருந்த வழியே பயன்படுத்தப்பட்டது. கூட்டரசின் தொழிலாளர் துறை மாநிலங்களுக்கு நிதியை வழங்கும். மாநில ஆளுநர் அதனை உள்ளூர்ப் பணியாளர் வாரியங்களுக்குப் பகிர்ந்தளிப்பார். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில ஆட்சித்தலைவர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். நாடு முழுவதும் ஏறத்தாழ 600 உள்ளூர் வாரியங்கள் இருந்தன.

உள்ளூர் வாரியத்தின் அமைப்பு கவனத்திற்குரியது. அதன் உறுப்பினருள் பெரும்பான்மையோர் அப்பகுதியின் தொழில், வணிகத் துறையினராக இருத்தல் வேண்டும். தலைவரும் அவர்களுள் ஒருவரே. தொழிற்சங்கத்தார், கல்வி நிறுவனத்தார், சமூக அமைப்பினர் ஆகியோரும் இடம்பெறுவர். எத்தொழிலில் ஆள் தேவைப்படுகிறது என்பதனை வேலை கொடுப்போரே நன்கு அறிவர் என்பது இவ்வமைப்பின் அடிப்படை. வேலை தேடுவோர் அலைக்கழியாமல் பதிவு, ஆலோசனை, பயிற்சிக்கான பரிந்துரை அனைத்தையும் ஓரிடத்தில் பெறும் சேவை மையங்களை இவ்வாரியங்கள் மேற்பார்வையிட்டன.

395 கோடி டாலர் பின்வருமாறு பிரிக்கப்பட்டது:

வேலையிழந்த தொழிலாளர்களுக்கு 125 கோடி
இளையோர்க்கு 120 கோடி
வளர்துறைகளில் பயிற்சியளிக்கும் போட்டி நிதி 75 கோடி
பிற வயதுவந்தோர்க்கு 50 கோடி
பெரிய ஆலைமூடல் போன்ற இடர்களுக்கான இருப்பு 20 கோடி
வீடுகட்டும் தொழிலை இளையோர்க்குக் கற்பிக்கும் திட்டத்திற்கு 5 கோடி

இவற்றுள் வேலையிழந்தோர், இளையோர், வயதுவந்தோர் ஆகிய முப்பிரிவினர்க்கான 295 கோடி டாலர் சூத்திர முறையில் பங்கிடப்பட்டது. அஃதாவது, சட்டம் வரையறுத்த கணக்கின்படி எல்லா மாநிலங்களுக்கும் நிதி தானே சென்று சேரும். போட்டி முறையில், விண்ணப்பித்தோருள் சிறந்த திட்டத்தை முன்வைத்தவர் நிதி பெறுவர். சூத்திர முறை விரைவானது, எவரையும் விட்டுவிடாதது. எனினும், நன்றாகச் செயல்படும் வாரியத்தையும் செயலற்ற வாரியத்தையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. போட்டி முறை திறமையைத் தேர்ந்தெடுக்கும். ஆனால், நயமாக விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊர் முந்திக்கொள்ள, எழுத ஆளில்லாத ஊர் பின்தங்கிவிடக்கூடும்.

பங்கிடும் கணக்கு

சூத்திரத்தின் உள்ளே ஓர் அறநோக்கு உண்டு. வேலையிழந்தோர்க்கான நிதியை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது அதனை மூன்று சம பாகமாக்குவர். முதற்பாகம், மாநிலத்தில் வேலையற்றோரின் தொகையைப் பொறுத்தது. இரண்டாம் பாகம், 4.5 விழுக்காட்டிற்கு மேற்பட்ட மிகை வேலையின்மையைப் பொறுத்தது. மூன்றாம் பாகம், 15 வாரங்களோ அதற்கு மேலோ வேலையின்றி இருப்போரின் தொகையைப் பொறுத்தது.

மிகை வேலையின்மை என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரண்டு பகுதிகளைக் கற்பனை செய்வோம். இரண்டிலும் உழைப்போர் தொகை ஓர் இலட்சம். முதற்பகுதியில் வேலையின்மை 5 விழுக்காடு. இரண்டாம் பகுதியில் 10 விழுக்காடு. எனவே வேலையற்றோர் முறையே 5,000 பேரும் 10,000 பேரும் ஆவர். 12 கோடியை வேலையற்றோர் தொகைக்கேற்பப் பிரித்தால் முதற்பகுதி 4 கோடியும் இரண்டாம் பகுதி 8 கோடியும் பெறும். இனி, 4.5 விழுக்காட்டிற்கு மேற்பட்டோரை மட்டும் எண்ணுவோம். முதற்பகுதியில் 500 பேர். இரண்டாம் பகுதியில் 5,500 பேர். அதே 12 கோடியை இவ்வாறு பிரித்தால் முதற்பகுதிக்கு 1 கோடியும் இரண்டாம் பகுதிக்கு 11 கோடியும் கிடைக்கும். எதனை எண்ணுவது என்று முடிவு செய்யும்போதே யாருக்குக் கொடுப்பது என்பதும் முடிவாகிவிடுகிறது. கணக்குப் போடுபவர் கை நடுநிலையானது. கணக்கை வகுத்தவர் நெஞ்சில் ஒரு சார்பு உண்டு. இங்கு அது மிகுதியாகத் துன்புறுவோர் பக்கம் சாய்ந்த சார்பு.

இக்கணக்கிற்கும் குறை உண்டு. அதில் இடம்பெறும் புள்ளிவிவரங்கள் கடந்த காலத்தைச் சேர்ந்தவை. சென்ற ஆண்டு செழித்திருந்து நேற்று ஆலை மூடப்பட்ட ஊரின் துயரம் அவற்றில் தெரியாது. எனவேதான் இடர்களுக்கான இருப்பு நிதி தனியே வைக்கப்பட்டது. வயதுவந்தோர்க்கும் இளையோர்க்கும் உரிய நிதியில், எந்த மாநிலத்தின் பங்கு விகிதமும் முந்தைய ஆண்டின் விகிதத்தில் 90 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கலாகாது என்னும் பாதுகாப்பும் இருந்தது. வேலையிழந்தோர் நிதிக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லாமையால் அது ஆண்டுக்காண்டு பெரிதும் ஏறி இறங்கியது.

மாநிலம் தன்னிடம் எவ்வளவு நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. முப்பிரிவு நிதியிலும் 15 விழுக்காடு வரை மாநில அளவிலான பணிகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். வேலையிழந்தோர் நிதியில் மேலும் 25 விழுக்காடு வரை, ஆலைமூடலின்போது விரைந்து உதவும் பணிக்கு ஒதுக்கலாம். எஞ்சியது உள்ளூருக்குச் சேர்ந்தாக வேண்டும். உள்ளூர் வாரியமும் தனக்கு வரும் நிதியில் 10 விழுக்காட்டிற்கு மேல் நிருவாகச் செலவு செய்தல் கூடாது. வாய்க்கால் வழியிலேயே நீர் உறிஞ்சப்பட்டுவிடாமல் காக்கும் கரைகள் இவை.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் தொழிற்பயிற்சிக்கான கூட்டரசுச் சட்டங்கள்:
1962 – மனிதவள மேம்பாடு மற்றும் பயிற்சிச் சட்டம்
1973 – விரிவான வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சிச் சட்டம்
1982 – தொழிற்பயிற்சிக் கூட்டுறவுச் சட்டம்
1998 – பணியாளர் முதலீட்டுச் சட்டம்
2014 – பணியாளர் புத்தாக்கம் மற்றும் வாய்ப்புச் சட்டம்

முந்தைய சட்டங்கள் தந்த பாடம்

1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வேலையற்றோரை உள்ளூர் அரசுப் பணிகளில் அமர்த்திக் கூட்டரசே ஊதியம் வழங்கியது. 1978இல் 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவ்வாறு பணியாற்றினர். ஆயினும் சில நகராட்சிகள், தாம் முன்னரே ஊதியம் வழங்கிவந்த பணியிடங்களையே இந்நிதிக்கு மாற்றிக்கொண்டன. செலவு கூட்டரசின் தலைக்கு மாறியதே தவிர, புதிதாக வேலை பெற்றோர் எண்ணிக்கை அந்த அளவிற்கு உயரவில்லை.

இக்குறையைக் களையும் நோக்கில் 1982ஆம் ஆண்டுச் சட்டம், எத்தனை பேர் வேலை பெற்றனர் என்பதனைக் கொண்டு பயிற்சித் திட்டங்களை மதிப்பிட்டது. அதிலும் ஓர் எதிர்பாராத விளைவு நேர்ந்தது. எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கும் போக்கு வளர்ந்தது. பாலில் ஆடையை மட்டும் வழித்தெடுப்பது போன்றது இது. பள்ளிக் கல்வியை முடிக்காதோரும் நெடுங்காலம் வேலையற்றிருந்தோரும் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். விளைவை அளப்பது தேவையே. ஆனால் அளவுகோல் தவறினால், உதவி யாருக்கு மிகவும் தேவையோ அவரே விலக்கப்படுவார்.

விரைவும் பொறுமையும்

ஊக்க நிதி பயன் தர வேண்டுமாயின் விரைந்து செலவாக வேண்டும். எனவே, சட்டம் நிறைவேறிய 30 நாள்களுக்குள் மாநிலங்களுக்கான பங்கு அறிவிக்கப்பட்டது. 2011 ஜூன் 30க்குள் சூத்திர நிதி முழுவதும் செலவிடப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. இளையோர் நிதியை 2009 கோடை விடுமுறையிலேயே பயன்படுத்துமாறு வாரியங்கள் ஊக்குவிக்கப்பட்டன; பயன்பெறுவோர் வயது வரம்பும் 21இலிருந்து 24ஆக உயர்த்தப்பட்டது. அக்கோடையில் 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட இளைஞர்கள் பூங்காக்களிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்து ஊதியம் பெற்றனர். பல வாரியங்கள் ஆண்டுக்கணக்கில் தனிக் கோடைத் திட்டம் எதனையும் நடத்தியதில்லை. சில மாதங்களில் அவை பணியிடங்களைத் தேடி, இளைஞர்களைச் சேர்த்து, ஊதியப் பட்டியலையும் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது.

விரைவு எல்லா இடத்திலும் பயன்தரவில்லை. போட்டி நிதியுள் 50 கோடி டாலர், எரிசக்திச் சேமிப்பு, சூரிய ஆற்றல் முதலிய பசுமைத் தொழில்களுக்கான பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. 2011இல் வெளியான தொழிலாளர் துறைத் தணிக்கை அறிக்கை, ஏறத்தாழ 80,000 பேருக்கு வேலை என்னும் இலக்கில் அதுவரை ஏறத்தாழ 8,000 பேரே வேலை பெற்றிருந்ததாகச் சுட்டியது. பயிற்சி பெற்றோர் இருந்தனர்; அவர்களை ஏற்கும் தொழில்கள் எதிர்பார்த்த விரைவில் வளரவில்லை. நாற்றங்கால் ஆயத்தமாகியும் நடுவதற்கு நிலம் ஆயத்தமாகவில்லை.

இரு நகரங்களின் கதை

பயிற்சிக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டுவன இரண்டு நகரங்கள். ஒன்று, விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில். அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் வாகனத் தொழிற்சாலை தலைமுறை தலைமுறையாக அவ்வூர் மக்களுக்குச் சோறு போட்டது. 2008 டிசம்பர் 23 அன்று அங்கு வாகன உற்பத்தி நிறுத்தப்பட்டது. கிறித்துமசுக்கு இரண்டு நாள்களே இருந்தன. வேலையிழந்தோர் பலர் அரசின் உதவியோடு பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தனர். அவர்களுள் சிலருக்குக் கணினியை இயக்கத் தொடங்கவே தெரியவில்லை என்பதை ஆசிரியர்கள் கண்டனர். நடுத்தர வயதில், குடும்பச் சுமையோடு, பல்லாண்டுகளுக்குப் பின் வகுப்பறையில் அமர்ந்த அவர்களின் முயற்சி போற்றத்தக்கது. எனினும் இதழாளர் ஏமி கோல்டுஸ்டீன் அவ்வூரைப் பல்லாண்டு ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட நூலில், மறுபயிற்சி பெற்றோர் அதனைப் பெறாதோரைவிடக் கூடுதலாக ஈட்டவில்லை. மாறாக, குறைவாகவே ஈட்டினர் என்று பதிவு செய்துள்ளார். கற்றவரை ஏற்றுக்கொள்ளப் போதிய நல்ல வேலைகள் அவ்வூரில் அப்போது இல்லை.

மற்றொன்று, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ. 1990இல் அங்கு லீவை ஸ்ட்ராஸ் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட, ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலையிழந்தனர். மெக்சிகோ வழிவந்த பெண்களே அவர்களுள் மிகுதி. அதே நகரின் மருத்துவத் துறையில் ஆள் தேவை இருந்தது; அதற்குரிய கல்வியோ இவர்களிடம் இல்லை. அந்நகரின் சமூக அமைப்புகள் வேலை கொடுப்போரை முதலில் சந்தித்து, பயிற்சி முடிப்போர்க்குப் பணி தருவதாக உறுதி பெற்றன. அதன் பின்னரே ‘பிராஜெக்ட் குவெஸ்ட்’ என்னும் திட்டம் உருவானது. கற்போர் சமுதாயக் கல்லூரியில் பயின்றனர். கல்விக்கட்டணம், பயணச் செலவு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றிற்கு உதவி கிடைத்தது. ஆலோசகர் அவர்களை வாரந்தோறும் சந்தித்தார். பிற்காலத்தில் இத்திட்டத்தில் சேர்ந்தோரையும் சேராதோரையும் ஒப்பிட்ட ஆய்வு, ஒன்பதாண்டுகளுக்குப் பின்னரும் சேர்ந்தோரின் வருவாய் உயர்ந்திருந்ததைக் காட்டியது.

இரு நகரங்களிலும் கற்றவர்கள் உழைப்பாளிகளே. இரு இடங்களிலும் பொதுநிதி செலவாயிற்று. சான் அன்டோனியோவில் காத்திருந்த வேலையைக் கண்டறிந்து அதற்கேற்பப் பயிற்சி வகுக்கப்பட்டது. ஜேன்ஸ்வில்லில் பயிற்சி முந்திச் சென்றது, வேலை பின்தொடரவில்லை. பயிற்சி என்பது ஒருவரை வேலைக்கு ஆயத்தமாக்கும். இல்லாத வேலையை அது படைத்துவிடாது. நிதியைப் பங்கிடுவோர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய உண்மை இதுவே.

நல்ல பங்கீட்டின் இயல்புகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து சில தெளிவுகள் பிறக்கின்றன. தேவை மிகுந்த இடத்திற்கு மிகுதியாக நிதி சேர வேண்டும். அதற்குச் சூத்திரம் துணைசெய்யும். அவ்விடத்தில் உள்ள வேலைகளை அறிந்த உள்ளூர் அமைப்பு வலுவாக இருத்தல் வேண்டும். அதனை எந்தச் சூத்திரமும் உண்டாக்கித் தராது. ஆட்கள், ஆசிரியர்கள், தொழில் நிறுவனங்களுடனான உறவு ஆகியவற்றை நல்ல காலத்திலேயே வளர்த்துவைத்த வாரியங்களே, நிதி திடீரெனப் பெருகியபோது அதனைத் திறம்படப் பயன்படுத்த இயலும். வெள்ளம் வந்தபின் வாய்க்கால் வெட்ட இயலாது.

பயிற்சிக் கட்டணம் மட்டும் போதாது. பயிலும் காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மீட்புச் சட்டம், பயணச் செலவு, குழந்தைப் பராமரிப்பு போன்ற துணையுதவிகளுக்கும் நிதியைப் பயன்படுத்த ஊக்கமளித்தது. வறியோர்க்கு முன்னுரிமை தரப் பணித்தது. கல்லூரிகளுடன் ஒப்பந்தம் செய்து வகுப்பு முழுமைக்கும் ஒருசேரப் பயிற்சி அளிக்கவும் வாரியங்களுக்கு இசைவளித்தது. நிதி பெற்றோர் காலாண்டுதோறும் கணக்கு அளிக்க வேண்டும் என்றும் அதனைப் பொதுமக்கள் காண இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. கணக்கைக் குடிமக்கள் பார்க்க இயலும்போது வழியில் கசிவது குறையும்.

ஆயினும் செலவுக்கணக்கு முழுமையாகாது. எத்தனை கோடி செலவாயிற்று என்பது அலுவலகம் கேட்கும் வினா. எத்தனை பேர் சான்றிதழ் பெற்றனர் என்பது பயிற்சி நிறுவனம் கேட்கும் வினா. ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் தாம் கற்ற தொழிலில் நிலைத்து உழைக்கின்றனர் என்பதே வேலையிழந்தவரின் குடும்பம் கேட்கும் வினா. அணையில் எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்பதை உலகம் அறியும். கடைமடையில் பயிர் நனைந்ததா என்பதை அந்த வரப்பில் நிற்பவரே அறிவார். பகுத்தளிக்கும் பொறுப்பை ஏற்போர், அவரிடம் சென்று கேட்டறியும் வரை தம் பணி முடிந்ததாகக் கருதலாகாது.

கற்பவை கற்றபின்

1. பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டைப் பின்பற்றி, வேலையின்மை முறையே 6, 8, 12 விழுக்காடாக உள்ள மூன்று பகுதிகளுக்கு 18 கோடியை இரு முறைகளிலும் பங்கிட்டு ஒப்பிடுக. மூன்றிலும் உழைப்போர் தொகை ஓர் இலட்சம் எனக் கொள்க.
2. ‘நிதியைப் பங்கிடச் சூத்திர முறையே சிறந்தது – போட்டி முறையே சிறந்தது’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. உங்கள் ஊரில் தொழிற்பயிற்சி பெற்ற ஒருவரைச் சந்தித்து, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர் வாழ்வில் நேர்ந்த மாற்றங்களை ஒரு பக்க அளவில் எழுதுக.